எண்ணிக்கையா, சுடுதிறனா, எருதா? செங்கம் – திருவண்ணாமலைப் போர்கள் (1767) குறித்த ஒரு மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்த இரு போர்களில், ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் இணைந்து நடத்திய பெரும்படையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிறுபடை வென்றது. மேலை நாட்டுச் சுடுதிறன் எண்ணிக்கையை வென்றதற்குச் சான்றாகவே இப்போர்கள் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆயினும் அதே போரின் முடிவில், 1769இல், சென்னையின் வாயிலில் உடன்படிக்கையின் நிபந்தனைகளை வகுத்தவர் ஐதர் அலியே. களத்தில் வென்றவர் போரில் வெல்லாமற் போன இம்முரணைக் கால்நடை, தானியம், விரைவு ஆகியவற்றின் வழி விளக்க இக்கட்டுரை முயல்கிறது. இவ்விளக்கத்திற்குத் தமிழ்ப் புறத்திணை மரபும் செங்கம் வட்டார நடுகற்களும் துணையாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முதலாம் மைசூர்ப் போர், செங்கம் கணவாய், ஐதர் அலி, ஜோசப் ஸ்மித், வெட்சி, நடுகல், பொதிமாடு

முன்னுரை

போரின் முடிவைத் தீர்மானிப்பது படையின் எண்ணிக்கையா, படைக்கலத்தின் வலிமையா என்பது பழைய வினா. திருக்குறளின் படைமாட்சி அதிகாரமே எண்ணிக்கைப் பெருக்கத்தைப் படையின் முதற்சிறப்பாகக் கொள்ளவில்லை. இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா கணிதமாகவும் மாறியது. ஆங்கிலப் பொறியாளரான பிரடெரிக் லான்செஸ்டர் 1916இல் வெளியான தம் நூலில், படைகளின் வலிமையை எண்ணிக்கையும் சுடுதிறனும் கொண்ட சமன்பாடாக எழுதிக்காட்டினார்.

இவ்வினாவைச் சோதிக்கத் திருவண்ணாமலையைக் காட்டிலும் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது. பாராமகால் எனப்பட்ட இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பகுதிகளிலிருந்து கருநாடகச் சமவெளிக்கு இறங்கும் வழிகளுள் முக்கியமானது செங்கம் கணவாய். அவ்வழியே இறங்குவோர் முதலில் எதிர்ப்படும் அரண் திருவண்ணாமலை. வழிபாட்டிடமாகிய அருணாசலேசுவரர் கோயிலின் மதில்களே பதினெட்டாம் நூற்றாண்டில் கோட்டைச் சுவர்களாகவும் பயன்பட்டன. கிருஷ்ணகிரி – திண்டிவனம் நெடுஞ்சாலையில் இன்று பேருந்தில் செல்வோரும், சிங்காரப்பேட்டையை அடுத்து மலைகள் நெருங்கி வருவதையும், செங்கத்தைக் கடந்ததும் நிலம் விரிவதையும் கண்டுணரலாம். இந்த நில அமைப்பே பின்வரும் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படை.

இரு படைகளின் கணக்கு

1767இல் மூண்ட போரின் அரசியல் காரணங்கள் பலவாறு விரிவன. ஆர்க்காட்டு நவாப் முகமது அலியின் உரிமைப் பூசல்கள், மைசூரில் ஐதர் அலியின் எழுச்சி, நிசாம் அலி கானின் நிலையற்ற கூட்டுகள் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. கம்பெனியோடு உடன்படிக்கை செய்திருந்த நிசாம், போர் தொடங்கும் வேளையில் ஐதரோடு சேர்ந்துகொண்டார் என்பது மட்டும் இங்கு நமக்குப் போதும்.

படைகளின் அளவைத் தருபவர்களுள் முதன்மையானவர் மார்க் வில்க்ஸ். மைசூரில் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த இவர், 1810க்கும் 1817க்கும் இடையில் மூன்று தொகுதிகளாகத் தம் வரலாற்றை வெளியிட்டார். அவர் கணக்கின்படி கூட்டுப்படையில் குதிரைவீரர் 42,860 பேர். அவர்களுள் நிசாமின் படையினர் 30,000, ஐதரின் படையினர் 12,860. காலாட்கள் 28,000, பீரங்கிகள் 109. எதிரே கர்னல் ஜோசப் ஸ்மித்திடம் செங்கத்தில் இருந்தவை 5,800 காலாட்கள், 1,030 குதிரைவீரர்கள், 16 பீரங்கிகள். காலாட்களுள் ஐரோப்பியர் 800 பேர் மட்டுமே. எஞ்சிய 5,000 பேரும் இந்நாட்டுச் சிப்பாய்கள்.

இக்கணக்கை அப்படியே ஏற்பதற்கில்லை. பகைவரின் தொகையை மிகுத்துக் கூறினால் வெற்றியின் பெருமை மிகும். போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, வென்ற தரப்பைச் சேர்ந்த ஒருவர் எழுதிய தொகை இது. ஆயினும் எண்களைப் பாதியாகக் குறைத்தாலும் கூட்டுப்படை ஐந்து மடங்கு பெரிது என்பது மாறாது. ஆகவே விகிதத்தை ஏற்றுக்கொண்டு மேற்செல்லலாம்.

இவ்வெண்களில் பலரும் கவனியாது விட்ட ஒன்று உண்டு. எண்ணிக்கையில் மட்டுமன்றிப் பீரங்கியிலும் கூட்டுப்படையே மேலோங்கியிருந்தது. 109 பீரங்கிகளுக்கு எதிரே 16 என்பது ஏழு மடங்குக்குச் சற்றே குறைவு. எனவே 'எண்ணிக்கையைச் சுடுதிறன் வென்றது' என்னும் வழக்கமான கூற்றில் சுடுதிறன் என்பதற்கு என்ன பொருள் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. படைக்கலத்தின் தொகையே சுடுதிறன் எனின், செங்கத்தில் வென்றிருக்க வேண்டியவர் ஐதரே.

தொடக்கம்: ஆநிரை கவர்தல்

போர் செங்கத்தில் தொடங்கவில்லை. 1767 ஆகஸ்டு 25ஆம் நாள், பாராமகால் பகுதியில் பாளையமிறங்கியிருந்த ஸ்மித்தின் படையைச் சேர்ந்த மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஐதரின் குதிரைப்படை திடீரெனப் பாய்ந்து அவற்றுட் பெரும்பகுதியை ஓட்டிச்சென்றது. மீட்கச் சென்ற ஸ்மித்தின் சிறு குதிரைப்படை பேரிழப்போடு திரும்பியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டினம் கோட்டை ஐதர் வசமாயிற்று. ஸ்மித் செங்கம் வழியாகக் கிழக்கு நோக்கிப் பின்வாங்கத் தொடங்கினார்.

தமிழ் மாணவர் எவரும் இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது வெட்சியை நினையாதிருத்தல் அரிது. போரின் தொடக்கமாக மாற்றார் ஆநிரையைக் கவர்தலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வெட்சித்திணையில் வைக்கிறது. கவரப்பட்ட நிரையை மீட்டலைப் புறப்பொருள் வெண்பாமாலை கரந்தை எனத் தனித்திணையாக்குகிறது. ஆகஸ்டு 25இன் நிகழ்ச்சியில் வெட்சியும் கரந்தையும் ஒரே நாளில் நடந்தேறின, கரந்தை தோற்றது.

இவ்வொப்புமை வெறும் அணிநயம் அன்று. செங்கம் வட்டாரம் தமிழக நடுகல் ஆய்வில் தனியிடம் பெற்றது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பில், வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட பல்லவர் காலக் கற்கள் பல இடம்பெற்றுள்ளன. அவற்றில் அடிக்கடி வரும் சொல் 'தொறு'. அதற்குப் பசுநிரை என்று பொருள். தொறுவைக் கவரும்போதும் மீட்கும்போதும் இறந்துபட்ட வீரர்களுக்காகவே அக்கற்களுட் பல நிறுத்தப்பட்டன. மலைபடுகடாத்தின் பாட்டுடைத் தலைவனான நன்னனின் செங்கண்மாவும் இன்றைய செங்கமே என்பது அறிஞர் கருத்து. இத்தகைய நிலத்தில் மாடு என்பது செல்வம் மட்டுமன்று. இடம்பெயரும் ஆற்றலும் ஆகும்.

புறத்திணை என்பது இலக்கிய மரபு. அதனைப் போர்முறைக் கையேடாகக் கொள்ளுதல் பிழை. இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன என்பதும் உண்மை. ஆயினும் ஒரு மரபு எதனைப் போரின் முதல் நிகழ்வாகக் கருதியது என்பதை நோக்கும்போது, வெடிமருந்துக் காலத்துப் போரிலும் அம்முதல் நிகழ்வு மாறவில்லை என்பது கருதத்தக்கது. பதினெட்டாம் நூற்றாண்டுப் படையின் பீரங்கியை இழுத்தது எருது. குண்டும் மருந்தும் கூடாரமும் அரிசியும் சுமந்தது பொதிமாடு. மாடுகள் போனபின் எஞ்சுவது நடக்கத் தெரிந்த துப்பாக்கிகள் மட்டுமே.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு முக்கால் கிலோ அரிசி என்று குறைவாகவே கொள்வோம். 7,000 பேருக்கு நாளொன்றுக்கு 5,250 கிலோ வேண்டும். ஒரு பொதிமாடு 75 கிலோ சுமக்குமெனின், ஒருநாள் உணவுக்கு 70 மாடுகள். பத்து நாள் உணவுக்கு 700 மாடுகள். அக்காலப் படையோடு சமையற்காரர், புல் அறுப்போர், மாடோட்டிகள், வணிகர், குடும்பத்தார் எனச் செல்வோர் வீரரைவிடப் பன்மடங்கினர். அவர்களை இருமடங்கு என்று மட்டும் கொண்டாலும் 2,100 மாடுகள் தேவை. பீரங்கிகளுக்கும் வெடிமருந்துக்கும் வேண்டியவை இதிற் சேரவில்லை. இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவையே எனினும், ஒருநாட்காலையில் நிரை பறிபோவதன் விளைவு என்ன என்பதை இவை உணர்த்தும்.

செங்கம்: வென்றவர் பின்வாங்கிய களம்

செப்டம்பர் முதல் வாரத்தில் கூட்டுப்படை ஸ்மித்தைச் செங்கத்தருகே தாக்கியது. கணவாயை நோக்கிய குன்றையும் ஊரையும் கைப்பற்றுவதே அதன் நோக்கம். கம்பெனிப் படை முந்திக்கொண்டு அவ்விடங்களைப் பற்றி நின்றது. திரும்பத் திரும்ப வந்த தாக்குதல்கள் முறியடிக்கப்பட்டன. கூட்டுப்படையில் ஏறத்தாழ 2,000 பேரும் தம் தரப்பில் 170 பேரும் வீழ்ந்ததாக ஆங்கிலேயர் கணக்குக் கூறுகிறது.

இங்கு லான்செஸ்டரின் விதியைப் பொருத்திப் பார்ப்பது பயன் தரும். ஒவ்வொரு வீரனும் எதிரியைக் குறிவைத்துச் சுடக்கூடிய திறந்த களத்தில், படையின் வலிமை அதன் எண்ணிக்கையின் வர்க்கத்திற்கு ஏற்ப வளரும் என்பது அவ்விதி. மொத்தப் படைகளை ஒப்பிட்டால் விகிதம் பத்து மடங்குக்குச் சற்று மேல். வர்க்க விதிப்படி ஸ்மித்தின் ஒவ்வொரு வீரனும் எதிரியைவிட நூறு மடங்குக்கும் மேலான சுடுதிறன் பெற்றிருந்தால்தான் சமநிலை வரும். குதிரைப்படையை நீக்கிக் காலாட்களை மட்டும் ஒப்பிட்டாலும் 23 மடங்கு வேண்டும். பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை சுடுவான். பயிற்சி குறைந்தவன் ஒருமுறை சுடுவான். வேறுபாடு அவ்வளவே. நூறு மடங்கு வேறுபாட்டை எந்தத் துப்பாக்கியும் அன்று தந்திருக்க இயலாது.

ஆகவே விதி பொய்யாயிற்றா எனின், இல்லை. விதிக்கு வேண்டிய நிலைமை அங்கு இல்லை. மலையிடுக்கிலும் குன்றைச் சுற்றியும் நடந்த போரில் எழுபதாயிரம் பேரும் ஒருசேரப் போரிட வழியில்லை. முன்வரிசையினர் மட்டுமே களத்தில் இருந்தனர்; ஏனையோர் பின்னே நின்று தம் முறைக்காகக் காத்திருந்தனர். எண்ணிக்கை என்பது ஒருவர்பின் ஒருவராக வரும்போது ஒரு வரிசை. பரந்து நிற்கும்போதுதான் அது வலிமை. செங்கத்தின் நிலம் பெரும்படையை வரிசையாக மாற்றிவிட்டது. கம்பெனிச் சிப்பாய்களின் ஒழுங்கும் தொடர்ந்து சுடும் பயிற்சியும் அந்த வரிசையின் தலையை மட்டும் எதிர்கொண்டால் போதுமானதாயிற்று.

இவ்வளவும் களத்தின் கதை. இனி மறுநாளின் கதையைக் காணலாம். போர் நடந்துகொண்டிருந்தபோதே ஸ்மித்தின் படையிடமிருந்த அரிசி கொள்ளை போயிற்று. வென்ற படை வெற்றி பெற்ற இடத்தில் ஒருநாள்கூடத் தங்க இயலவில்லை. இரவு பகலாக நடந்து திருவண்ணாமலையை அடைந்தது. அங்கு இருக்குமென எதிர்பார்த்த உணவும் இல்லை. ஸ்மித் தம் படையோடு கிழக்கே தானியம் தேடிச் சென்றார். பகைவர் பத்தில் ஒருவரைக்கூட வீழ்த்தாத, ஆனால் ஒருவேளை உணவுக்கு அலைந்த படையை 'வென்ற படை' என்று அழைக்கிறோம். இச்சொல்லாட்சியே நம் வரலாற்றெழுத்தின் சிக்கலைக் காட்டுகிறது.

தானியம் தேடிய படைகள் எங்கிருந்து அதனைப் பெற்றன என்பதையும் கருத வேண்டும். வடார்க்காட்டு, பாராமகால் உழவர்கள் வறட்சிக்கும் கொள்ளைக்கும் அஞ்சித் தானியத்தை நிலத்தடிக் குழிகளில் சேமிப்பது வழக்கம். படை வந்தால் முதலில் தோண்டப்படுவன அக்குழிகளே. கம்பெனிக்கும் ஐதருக்கும் நிசாமுக்கும் உணவளித்தது ஒரே வட்டார உழவர்களின் களஞ்சியம் என்பதை இழப்புக் கணக்குகள் எவையும் பதிவு செய்யவில்லை.

திருவண்ணாமலை: 1767 செப்டம்பர் 26

திருச்சிராப்பள்ளியிலிருந்து கர்னல் வுட் அழைத்துவந்த படை செப்டம்பர் இரண்டாம் வாரத்திற்குள் ஸ்மித்தோடு சேர்ந்தது. இப்போது கம்பெனியிடம் ஏறத்தாழ 10,000 காலாட்களும் முப்பதுக்கு மேற்பட்ட பீரங்கிகளும் இருந்தன. கூட்டுப்படை அருகிலேயே பாளையமிறங்கி, உணவின்றி ஸ்மித் தாமே விலகுவார் எனக் காத்திருந்தது. அது தவறான கணிப்பு அன்று. ஆயினும் காத்திருப்பவருக்கும் பசிக்கும். நாற்பதாயிரம் குதிரைகளுக்குப் புல்லும் கொள்ளும் ஓரிடத்தில் நெடுநாள் கிடைப்பது அரிது. பெரிய எண்ணிக்கை தன்னைத்தானே உண்ணத் தொடங்கும் இடம் இது.

செப்டம்பர் 26ஆம் நாள் கூட்டுப்படையின் கனரகப் பீரங்கிகள் ஸ்மித்தின் பாளையத்தை நோக்கிச் சுடத் தொடங்கின. இடையே சதுப்பு நிலம் இருந்ததால் ஸ்மித் நேரே முன்னேறவில்லை. ஒரு குன்றைச் சுற்றிச் சென்றார். அவர் ஆர்க்காட்டை நோக்கிப் பின்வாங்குகிறார் எனக் கூட்டுப்படையினர் கருதி, வழிமறிக்கக் குன்றின் மறுபுறமாக விரைந்தனர். இரு படைகளும் எதிர்பாராது ஒன்றையொன்று சந்தித்தன. குன்றை முதலில் பற்றியது கம்பெனிச் சிப்பாய்கள். நெருங்கித் திரண்டு நின்ற குதிரைப்படையின்மீது கம்பெனியின் பீரங்கிகள் சுட்டன. திரள் உடைந்தது. ஐதர் தம் பீரங்கிகளைக் காக்க முற்பட்டுப் பின்வாங்க, நிசாமின் படை சிதறியது. அன்றும் மறுநாளும் சேர்த்து 64 பீரங்கிகள் பிடிபட்டன என்றும், கூட்டுப்படை 4,000 பேருக்கு மேல் இழந்தது என்றும், கம்பெனியின் இழப்பு 150 பேர் என்றும் வில்க்ஸ் எழுதுகிறார்.

சுடுதிறன் என்பதன் பொருள் இங்கு தெளிவாகிறது. அது பீரங்கியின் தொகை அன்று. வேண்டிய இடத்திற்கு வேண்டிய வேளையில் பீரங்கியைக் கொண்டு சேர்க்கும் ஆற்றல். கூட்டுப்படையின் பீரங்கிகள் கனமானவை. திருப்பவும் இழுக்கவும் நேரமெடுத்தவை. கம்பெனியின் களப்பீரங்கிகள் இலகுவானவை. காலாட்களோடு நடந்து வந்தவை. 64 பீரங்கிகள் களத்தில் விடப்பட்டமைக்குக் காரணம் சுடத் தெரியாமை அன்று. அவற்றை இழுத்துச்செல்ல இயலாமையே. இங்கும் வினா எருதில் வந்து நிற்கிறது.

இரண்டு தலைவர்கள் என்னும் குறையும் உண்டு. ஐதரின் படையும் நிசாமின் படையும் ஒரே களத்தில் நின்றனவேயன்றி ஒரே படையாகப் போரிடவில்லை. தோல்விக்குப்பின் நிசாம் கம்பெனியோடு பேச்சைத் தொடங்கினார். 1768 பிப்ரவரியில் மசூலிப்பட்டினம் உடன்படிக்கை ஏற்பட்டது. எழுபதாயிரம் என்ற தொகையில் பாதிக்கு மேற்பட்டது ஒரே கையெழுத்தில் மறைந்தது.

1769: களத்தில் தோற்றவரின் வெற்றி

திருவண்ணாமலைப் போரின்போதே பதின்வயதினரான திப்பு ஒரு குதிரைப்படையோடு பரங்கிமலைச் சுற்றுப்புறங்களில் சூறையாடிக்கொண்டிருந்தார். தோல்விச் செய்தி வரவே பின்வாங்கினார். ஐதர் அச்செயலிலிருந்து பெற்ற பாடம் பெரிது எனத் தோன்றுகிறது.

1768இல் கம்பெனிப் படை பாராமகாலையும் மலைமேட்டின் சில கோட்டைகளையும் பிடித்தது. ஆயினும் பிடித்த கோட்டைகள்தோறும் சிறுசிறு காவற்படைகளை விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. படை சுருங்கியது. உணவு வழங்கும் பொறுப்புச் சென்னைக் குழுவினரின் ஒப்பந்தங்களிலும் களத்திற்கு அனுப்பப்பட்ட பிரதிநிதிகளின் தலையீட்டிலும் சிக்கியது. ஐதர் நேர்நின்று போரிடுவதைத் தவிர்த்து, தானிய அணிகளைத் தாக்கினார். சிறு காவற்படைகளைத் தனித்தனியே வீழ்த்தினார். ஆண்டிறுதிக்குள் இழந்தவற்றுட் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டார்.

1769 மார்ச்சில், தம் பெரும்படையையும் பீரங்கிகளையும் மலைமேட்டிற்கு அனுப்பிவிட்டு, 6,000 குதிரைவீரர்களோடும் சிலநூறுக்கு மிகாத காலாட்களோடும் ஐதர் சென்னையை நோக்கி விரைந்தார். மூன்றரை நாளில் 130 மைல் கடந்து மாத இறுதியில் பரங்கிமலையருகே நின்றார். ஸ்மித்தின் படை எங்கோ பின்னே இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. கரூர் நீங்கலாக, பிடித்த இடங்களை ஒருவர்க்கொருவர் திருப்பித் தருவது என்றும், வேற்றார் தாக்கினால் துணைநிற்பது என்றும் முடிவாயிற்று.

எழுபதாயிரம் பேராலும் 109 பீரங்கிகளாலும் இயலாததை, பீரங்கியே இல்லாத ஆறாயிரம் பேர் செய்தனர். எண்ணிக்கை, சுடுதிறன் ஆகிய இரண்டையும் ஐதர் வேண்டுமென்றே கைவிட்டபோதுதான் போர் அவர் பக்கம் சாய்ந்தது என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

பின்வந்த போர்களின் சான்று

ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு பொதுவிதி கூறுதல் தகாது. ஆதலால் அடுத்த மூன்று மைசூர்ப் போர்களையும் சுருக்கமாகக் காண்போம்.

1780இல் ஐதர் சமவெளியில் இறங்கியதும் சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் ஊர்களையும் பயிர்களையும் தீக்கிரையாக்கினார். புறப்பொருள் நூலார் உழபுல வஞ்சி என்னும் துறையில் வைத்த செயல் இது. இலக்கணத்தில் அது ஒரு துறை. ஊர்களில் அது பஞ்சம். அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கர்னல் பெய்லியின் ஏறத்தாழ நாலாயிரம் பேர் கொண்ட படை பொள்ளிலூரில் அழிந்தது. ஏவுகணைகளும், தீப்பற்றி வெடித்த மருந்து வண்டிகளும் அவ்வழிவில் பெரும்பங்கு பெற்றன. ஆயினும் காஞ்சிபுரத்தில் சில மைல் தொலைவில் இருந்த எக்டர் மன்றோவின் பெரும்படை துணைக்கு ஏன் வரவில்லை? அங்கு வைத்திருந்த தானியத்தையும் கனரகப் பீரங்கிகளையும் விட்டு நகர அவர் துணியவில்லை. பின்னர் அப்பீரங்கிகளைக் கோயிற்குளத்தில் தள்ளிவிட்டே செங்கல்பட்டை நோக்கி ஓடினார். தானியத்தைக் காக்க நின்றவர், முடிவில் எதையும் காக்கவில்லை.

1781 ஜூலை 1ஆம் நாள் பரங்கிப்பேட்டையில் அயர் கூட் சிறுபடையோடு ஐதரை வென்றார். ஆனால் தோற்றோடியவரைத் துரத்தப் போதிய மாடுகள் அவரிடம் இல்லை. கப்பல் கொண்டுவரும் அரிசியை நம்பிக் கடற்கரையை விட்டு நெடுந்தொலைவு செல்லவும் இயலவில்லை. ஐதருக்கோ மைசூர் அரசின் எருது வளர்ப்பு நிலையம் பின்னின்றது. பின்னாளில் அமிர்த மகால் எனப் பெயர் பெற்ற அவ்வினத்தின் துணையால், சிதம்பரத்தைக் காக்க அவர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்தார் என்று அவ்வினம் பற்றிய குறிப்புகள் பெருமையாகக் கூறும். 1784இல் மங்களூர் உடன்படிக்கை மீண்டும் பழைய எல்லைகளையே உறுதிசெய்தது.

மூன்றாம் போரே மிகத் தெளிவான சான்று. 1791 மே மாதம் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் அருகே திப்புவைக் களத்தில் வென்றார். அவர் எருதுகள் நோயாலும் பசியாலும் மடிந்திருந்தன. கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுத் திரும்பினார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், பஞ்சாரா வணிகர்களின் பொதிமாடுகள் தானியம் சுமந்து பின்தொடர, மீண்டும் வந்தார். திப்பு தம் நாட்டில் பாதியைக் கொடுக்க நேர்ந்தது. இரு ஆண்டுகளுக்கும் இடையில் துப்பாக்கி மாறவில்லை, மாடுகள் மாறின.

1799ஐப் பற்றி ஒரு சொல். திப்பு வீழ்ந்த அவ்வாண்டை 'சிறுபடையின் சுடுதிறன்' கதையில் சேர்ப்பது பொருந்தாது. கம்பெனியும் நிசாமும் சேர்ந்த படை அப்போது எண்ணிக்கையிலும் மேலோங்கியிருந்தது, மாடுகளிலும் மேலோங்கியிருந்தது.

மறுப்பும் விடையும்

களத்தில் வெற்றி கிட்டாவிடின் உணவும் எருதும் எதற்கு என வினவலாம். இவ்வினா நியாயமானது. செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஸ்மித் தோற்றிருந்தால் சென்னை 1767இலேயே ஐதர் வசமாகியிருக்கக் கூடும். சிப்பாய்களின் பயிற்சி கம்பெனியை அழிவிலிருந்து காத்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் காத்தல் வேறு, வெல்லுதல் வேறு. சுடுதிறன் முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்யவில்லை.

குதிரைப்படையே தீர்மானித்தது என்பாரும் உளர். அதுவும் முழுதும் ஏற்கத்தக்கதன்று. திருவண்ணாமலையில் நாற்பதாயிரம் குதிரைகள் நின்றன, பயனில்லை. 1769இல் ஆறாயிரம் போதுமாயிற்று. குதிரையின் தொகையைவிட, அது உணவுக்காக எதனையும் சாராது விரைய முடிந்த அந்த நான்கு நாள்களே முக்கியமானவை.

ஆய்வுக்குரிய எச்சங்கள்

இப்போர்களைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் படைத்தலைவர்களின் கடிதங்களையும் அவற்றின் வழிவந்த நூல்களையும் சார்ந்தது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் படைத்துறை ஆலோசனைப் பதிவுகள் உள்ளன. அவற்றில் வீழ்ந்தோர் தொகையைத் தேடியவர் பலர். மாடுகளின் வாடகை, அரிசி ஒப்பந்தம், மாடோட்டிகள் பாளையத்தை விட்டு ஓடிப்போன செய்திகள் ஆகியவற்றை வட்டார அளவில் தொகுத்தவர் சிலரே. செங்கம், போளூர், திருவண்ணாமலை வட்டங்களின் ஊர்களிலிருந்து எத்தனை எருதுகள் எடுக்கப்பட்டன, திரும்பி வந்தவை எத்தனை, அடுத்த பருவத்தில் உழவு நடந்ததா என்பன இன்னும் கேட்கப்படாத வினாக்கள். ஆலம்பாடி முதலிய இழுவை இனங்களின் வரலாற்றை இப்போர்களோடு இணைத்துப் பார்க்கவும் இடமுண்டு.

தொறு மீட்டு இறந்தவனின் பெயரையும், அவன் யாருடைய நிரையை மீட்டான் என்பதையும் பல்லவர் காலத்துக் கல் ஒன்று சில வரிகளில் சொல்லிவிடுகிறது. 1767 ஆகஸ்டு 25இல் பாராமகாலில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளை ஓட்டிச்சென்றவர் பெயரோ, மேய்த்தவர் பெயரோ வில்க்ஸின் மூன்று தொகுதிகளில் இல்லை.